போய்விட்ட லாரியின் நம்பர்

எங்கள் கம்பெனி பஸ் வருவது கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். காலை ஷிஃப்ட்டுக்காக ஸ்ரீபெரும்புதூர் கூட்டு ரோட்டில் நிற்போம். தண்டலம் பக்கத்திலிருந்து முதல் ஹாரன் கேட்டதும் டீ சொன்னால், பஸ் வந்து நிற்பதற்குள் ஆற்றிக் குடித்து வாயையும் துடைத்துக்கொள்ளலாம். அவ்வளவு தொலைவிலிருந்தே அடித்துக்கொண்டு வருவார் டிரைவர் கோபால். குறுக்கே ஆடு இருந்தாலும் அடிப்பார், இல்லாவிட்டாலும் அடிப்பார். வளைவில் அடிப்பார், நேர்ச் சாலையில் அதைவிட அதிகமாக அடிப்பார். அதனால் அவருக்கு ஹாரன் கோபால் என்றே பெயர். அதை ஊர் தனக்குக் கொடுத்த பட்டமாகத்தான் அவர் எடுத்துக்கொண்டார்.

ஒரகடம் தாண்டி, வயல்களுக்கு நடுவே இருந்தது எங்கள் வார்ப்படக் கம்பெனி. அப்போது அந்தப் பக்கம் கம்பெனிகள் குறைவு. நாற்று நட்டுக்கொண்டிருக்கிற பெண்கள் நிமிர்ந்து, எங்கள் பஸ்ஸை வைத்தே மணி சொல்வார்கள். அந்த மரியாதையில் பாதி கோபாலுக்கு உரியது, அவர் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை.

மாத்தூர்க்காரர். இளம் வயதில் லாரியில் கிளீனராக ஏறி, பெங்களூர் ரோட்டில் டிரைவராக இறங்கியவர். தக்காளிக் கூடையோடு ரோட்டோரம் கைகாட்டிய ஒரு பெண்ணை வண்டியில் ஏற்றிக்கொண்டு, அவள் சந்தை வரைக்கும் வாய் மூடாமல் பேசியதைக் கேட்டு, மறு மாதமே பெண் கேட்டுப் போனார். அவள்தான் கிளியம்மாள். “பேச்சுத் துணைக்கு ஆளு கெட்சா லாரியில தூக்கம் வராதுன்னுதான் கட்டிக்கினேன்” என்பார். கம்பெனி திறந்தபோது இவருக்குப் பஸ் கிடைத்தது, கிளியம்மாளுக்குக் கேன்டீனில் வேலை கிடைத்தது. தண்டலத்தில் வீடு. ஒரே மகளை அரக்கோணத்தில் கொடுத்திருந்தார்கள்.

கோபாலுக்கு இரண்டு விஷயத்தில் கர்வம் உண்டு. ஒன்று லைசென்ஸ். கனரக வாகனம் ஓட்டுகிற லைசென்ஸ் அது. பிளாஸ்டிக் உறை போட்டு, சட்டைப் பையில் நெஞ்சுக்கு நேராக வைத்திருப்பார். இன்னொன்று மீசை. ஞாயிற்றுக்கிழமை தோறும் சாயம் பூசுவார். திங்கட்கிழமை காலையில் மீசைக்குக் கொஞ்சம் மேலே, கன்னத்தில் ஒரு கறுப்புத் தீற்றல் இருக்கும். புதன்கிழமைக்குள் அழிந்துவிடும். அதை அவரிடம் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

கிளியக்கா பஸ்ஸில் உட்காருகிற இடம் என்ஜின் மூடியின் மேலே, கோபாலுக்குப் பக்கத்தில். ஏறியதிலிருந்து இறங்குகிற வரைக்கும் பேச்சு ஓயாது.

“யோவ், எதிர்ல மாட்டு வண்டி வர்து பாரு. கொம்புக்கு இன்னாமா பச்சப் பெயின்ட் அட்ச்சிக்கிறான்.”

“ம்.”

“மாத்தூர் ஸ்டாப்புல மூணு பொம்பளைங்க நிக்கிறாங்க. நடுவுல நிக்கறவ புதுப் பொடவ கட்டிக்கினுகீறா. இந்த வயசுல செவப்பு கேக்குது.”

“ம்.”

“அய்ய, எவனோ ரோட்டுல பாதி வரைக்கும் நெல்ல காய வெச்சிக்கிறான். லெப்ட்டு பூரா அவன் அப்பன் வூட்டு களம் மாதிரி.”

பஸ் வலது பக்கம் ஒதுங்கும். நாங்கள் பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வருவோம். பேருக்கு ஏற்ற பொம்பளை என்போம். பாவம் கோபாலண்ணன், எப்படித்தான் தாங்குகிறாரோ என்போம். அவரும் தாங்குகிறவர் மாதிரிதான் முகத்தை வைத்துக்கொண்டிருப்பார்.

அது 1991. அந்த வருடம் மே மாதம் எங்கள் ஊரில் நடந்தது நாடே அறிந்தது. அதைப் பற்றி நான் சொல்ல வரவில்லை. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் எங்கள் ஊர்க் கூட்டு ரோட்டில் போலீஸ் நின்றது, போகிற வருகிற வண்டியையெல்லாம் நிறுத்திப் பார்த்தது என்பதை மட்டும் சொன்னால் போதும்.

ஆவணியில் கோபாலின் மகளுக்குப் பிரசவ நேரம் வந்தது. கிளியக்கா லீவு சொல்லிவிட்டு அரக்கோணம் போனார். போகுமுன் கோபாலிடம், “நானு வர்ற வரைக்கும் நீயும் லீவு போடேன்யா” என்று சொல்லியிருக்கிறார். “நீ கொழம்பு ஊத்தலன்னா கேன்டீன் நிக்காது. நான் இல்லன்னா கம்பெனி நின்னுடும்” என்று இவர் சொல்லியிருக்கிறார்.

அன்று மாலை வேலை முடிந்து பஸ் கிளம்பும்போது வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. என்ஜின் மூடியின் மேல் யாரும் இல்லை. ஹாரனைத் தவிர பஸ் அமைதியாக இருந்தது, நாங்கள் நன்றாகத் தூங்கினோம். வல்லம் வடகால் அருகே படபடவென்று ஏதோ சத்தம் கேட்டு விழித்தேன். ஜன்னலில் ஓர் இலை உரசிக்கொண்டு போயிற்று.

“இன்னாண்ணே அது?”

“கிளைப்பா. ரோட்டு மேல வளந்து கெடக்குது. பஞ்சாயத்துல சொல்லி வெட்டச் சொல்லணும்” என்றார் கோபால், ஹாரனில் வைத்த கையை எடுக்காமல்.

திரும்பவும் தூங்கிவிட்டோம். கூட்டு ரோட்டில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தியது. ஒரு கான்ஸ்டபிள் முன்பக்கமாக வந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

“கல்யாண பஸ்ஸா? எங்கேர்ந்து வர்றீங்க?”

“கம்பெனி பஸ் சார்.”

“கம்பெனியில யாருக்குக் கல்யாணம்?”

நாங்கள் இறங்கிப் பார்த்தோம். இடது பக்க பம்பரில் குலையோடு ஒரு வாழைமரம் சாய்ந்து நின்றது. கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் கம்பியில் மாட்டிக்கொண்டு, ஜிகினா ஒட்டிய ‘நல்வரவு’ பலகை. பின்னால் சீரியல் பல்பு ஒயர் ரோட்டில் நீளமாகக் கிடந்தது. கோபாலும் இறங்கி வந்து, பலகைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

சற்று நேரத்தில் ஒரு டிராக்டர் நிறைய ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். மறுநாள் முகூர்த்தம். ரோட்டை அடைத்துத் தோரண வாயில் கட்டியது அவர்கள் தப்பு, அதை மறுக்கவும் இல்லை. ஆனால் இத்தனை பல்பு எரிகிற வாயில் ஒரு டிரைவருக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்டார்கள். குடித்திருக்கிறாரா என்று இன்ஸ்பெக்டர் ஊதச் சொல்லிப் பார்த்தார். இல்லை. கோபால் வாழ்நாளில் குடித்ததில்லை. அதுதான் விஷயத்தை இன்னும் மோசமாக்கியது. குடி என்றால் ஒரு காரணம் இருந்திருக்கும்.

கல்யாணப் பெண்ணின் அப்பா கடைசிவரை சத்தமே போடவில்லை. கிளம்பும்போது கோபாலிடம் வந்து, “வாழமரம் போனா போவுதுங்க. பொழுது சாயற வரைக்கும் அந்த வாசல்லதான் பசங்க ஆடிக்கினு இருந்திச்சிங்க. இப்பதான் சாப்ட கூப்ட்டோம்” என்று மட்டும் சொன்னார்.

சேதத்தைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. வழக்கு ஒன்றும் இல்லாமல் முடிந்தது. ஆனால் போலீஸ் காஞ்சிபுரம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எழுதிவிட்டது. இந்த டிரைவர் பஸ் ஓட்டத் தகுதியான உடல்நிலையில் இருக்கிறாரா என்று பார்க்கவும் என்று. அங்கிருந்து வரச்சொல்லி ஓலை வந்தது. வரும்போது டாக்டர் சான்றிதழ் கொண்டு வர வேண்டும், அங்கேயும் சோதிப்பார்கள்.

கோபால் கலங்கவில்லை. எங்கள் பக்கத்து டிரைவர்களுக்கெல்லாம் கையெழுத்துப் போடுகிற ஒரு டாக்டர் இருந்தார். ஆளைப் பார்க்காமலே ஆரோக்கியத்தைக் கண்டுபிடிக்கிறவர். அவரிடம் சான்றிதழ் வாங்கிக்கொண்டார். யூனியன் சார்பில் துணைக்கு நான் போனேன். பேரன் பிறந்து ஊர் திரும்பியிருந்த கிளியக்காவும், கேட்காமலே சேலை மாற்றிக்கொண்டு கூடக் கிளம்பினார்.

ஆபீஸ் திறப்பதற்கு வெகுநேரம் முன்பே எங்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார் கோபால். சோதனை மைதானத்தில் காலார நடப்பது போல ஒரு சுற்று சுற்றினார். ஒரு வேப்பமரத்தடியில் மஞ்சள் லாரி ஒன்று நின்றது. அதன் பின்னால் கொஞ்ச நேரம் நின்று வேட்டியைச் சரிசெய்துகொண்டார். திரும்பி வந்தபோது உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன்.

மோட்டார் வாகன ஆய்வாளர் பெயர் வாசுதேவ். ஒல்லியான, குரல் உயராத மனிதர். சான்றிதழை வாங்கி, கையெழுத்தைப் பார்த்ததும் லேசாகச் சிரித்தார். அந்தக் கையெழுத்து அவருக்குப் பழக்கம் போலிருக்கிறது. எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, வேறு ஆட்களை முடித்து அனுப்பி, டீயும் குடித்துவிட்டுத்தான் கோபாலைக் கூப்பிட்டார்.

மைதானத்தில் ஒரு கோடு போட்டிருந்தது. அதில் நிற்க வைத்தார்.

“அந்த வேப்பமரத்தடியில நிக்கற வண்டியோட நம்பரப் படிங்க.”

கோபால் தலையை நிமிர்த்தி, மீசையைத் தடவி, தயங்காமல் படித்தார். “டி.எம்.எச். நாலு, ஏழு, ஒண்ணு, ரெண்டு.”

வாசுதேவ் மரத்தடியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அங்கே ஒரு வெள்ளை வேன் நின்றுகொண்டிருந்தது.

“இன்னொரு தடவ படிங்க.”

கோபால் இன்னும் தெளிவாக, எண்களுக்கு நடுவே இடைவெளி விட்டுப் படித்தார். அதே நம்பர்.

“வண்டி என்ன கலர்?”

“மஞ்ச சார். டாட்டா லாரி. பின்னால மண்ணு ஏத்தி எறக்கின அடையாளம் கூட கீது.”

“அந்த லாரி எஃப்.சி. சோதன முடிஞ்சு எப்பவோ போயிடுச்சுங்க” என்றார் வாசுதேவ், மெதுவாக. “இப்ப நிக்கறது வெள்ள வேன்.”

மைதானத்தில் இருந்த வேறு டிரைவர்கள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. தங்கள் சட்டைப் பைகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். கோபால் மட்டும் விடவில்லை.

“வேனுக்கு அப்பால பாருங்க சார். லாரி நிக்கும்.”

“அப்பால சுவருங்க.”

அப்போதுதான் கிளியக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

“சார், அவரக் கேக்காதீங்க. என்னக் கேளுங்க.”

“நீங்க யாரும்மா?”

“சம்சாரம். ரெண்டு வருசமா அந்த பஸ்ஸ நான்தான் சார் ஓட்டறேன்.”

வாசுதேவ் பேனாவை மூடினார்.

“ஸ்டேரிங் அவரு கையில. கண்ணு என்னுது. மாடு வந்தா மாடுன்னு சொல்வேன், ஆளு நின்னா ஆளுன்னு சொல்வேன். ஊரு முன்னால எப்பிடி சொல்றது? பேசற மாதிரி சொல்வேன். பொடவ கலரு, மாட்டுக் கொம்பு பெயின்ட்டுன்னு எதனா சேத்துக்கினு. வாயாடின்னு எல்லாரும் சிரிக்கிறாங்க. சிரிக்கட்டும்னு வுட்டுட்டேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “நான் ஒரு நாளு இல்ல, தோரணம் போச்சு. அம்பது பேரு ஏறுற வண்டி சார். என்னிக்காச்சும் எனக்குத் தொண்ட கட்டினா இன்னா ஆவும்?”

கோபால் அவரைத் திரும்பிப் பார்த்தார். “ஏமே, ஊட்டுல பேசிக்கலாம்னு உனக்குத் தோணலயா?”

“ஊட்டுல பேசினேன். லீவு போடுன்னேன். கண்ணாடி போடுன்னேன். கண்ணாடி போட்டா டிரைவர் மாதிரி இருக்காது, வாத்தியாரு மாதிரி இருக்கும்னு நீதான சொன்ன.”

வாசுதேவ் லைசென்ஸைக் கேட்டார். கோபால் பையிலிருந்து எடுத்து, உறையைக் கழற்றி, ஒரு முறை சட்டையில் துடைத்துவிட்டுக் கொடுத்தார். உள்ளே இருந்த போட்டோவில் அடர்ந்த மீசையோடு ஒரு இளைஞன் முறைத்துக்கொண்டிருந்தான். வாசுதேவ் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அரசாங்கக் கண் டாக்டர் சொல்கிற வரைக்கும் எந்த வண்டியும் ஓட்டக் கூடாது, அதன் பிறகு மறுபடி வாருங்கள், பார்க்கலாம் என்றார். லைசென்ஸ் அவர் மேஜையிலேயே தங்கிவிட்டது.

திரும்பி வருகிற பஸ்ஸில் கோபால் ஒரு சீட்டில், கிளியக்கா வேறு சீட்டில். நான் நடுவில். கோபாலின் கை நெஞ்சுப் பக்கம் அடிக்கடி போய், வெறும் பையைத் தொட்டுத் திரும்பியது.

கம்பெனி அவரைக் கொஞ்ச நாள் ஸ்டோர்ஸில் உட்கார வைத்தது. பஸ்ஸுக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இனியவன் என்று ஒரு டிரைவர் வந்தான். மரியாதையான பையன், ஹாரனே அடிக்க மாட்டான். முதல் நாள் டீக்கடையில் பாதிப் பேர் டீயை அப்படியே வைத்துவிட்டு ஓட வேண்டியதாயிற்று. கோபால் இப்போது முன் சீட்டில் பயணியாக வந்தார். கிளியக்கா என்ஜின் மூடியில் உட்காரவில்லை. பெண்கள் பக்கம் கடைசியில் போய் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் வந்தார். இருவருக்கும் பேச்சு இல்லை என்பது பஸ்ஸுக்கே தெரிந்தது. அந்த அமைதியில் எங்களால் தூங்க முடியவில்லை.

“தம்பி, அடி ஹாரன. வளைவு வர்து” என்பார் கோபால்.

“வளவுக்கு இன்னும் தூரம் கெடக்கு அண்ணாச்சி.”

“பள்ளம் ஒண்ணு கீது, லெப்ட்டுல.”

“போன வாரமே மூடிட்டாவ அண்ணாச்சி.”

கோபால் தலையை நீட்டி அந்தப் பக்கம் பார்ப்பார். பிறகு, “எனக்குச் சொல்லாமயே மூடிட்டானுங்களா” என்பார்.

அரசு மருத்துவமனையில் பார்த்தபோது, வலது கண்ணில் புரை முற்றியிருந்தது, இடது கண்ணில் ஆரம்பித்திருந்தது. இவ்வளவு நாள் எப்படிப் பஸ் ஓட்டினீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். “பழக்கம்மா” என்றார் கோபால். வெளியே வந்ததும் கிளியக்காவிடம், பல வாரங்களுக்குப் பிறகு, முதல் வார்த்தை பேசினார். “பழக்கம்னு சொன்னேன். உன் பேரச் சொல்லல.”

“ரொம்ப தயவு” என்றார் கிளியக்கா.

மெட்ராசில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள்ளேயே சின்ன லென்ஸ் வைக்கிற புது முறை இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தார்கள். கத்தியை நினைத்துக் கோபால் பல சாக்குச் சொன்னார். பேரனுக்குப் பெயர் வைக்கட்டும் என்றார், ஐப்பசி மழை போகட்டும் என்றார். பேரனுக்குப் பெயர் வைத்தாயிற்று, மழையும் போயிற்று. கார்த்திகையில் வலது கண்ணில் ஆபரேஷன் நடந்தது.

நான் பார்க்கப் போன அன்று கட்டை அவிழ்த்திருந்தார்கள். கோபால் கட்டிலில் உட்கார்ந்து கையில் ஒரு முகம் பார்க்கிற கண்ணாடியை வைத்துக்கொண்டு தன் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று திங்கட்கிழமை. ஆஸ்பத்திரியிலும் சாயத்தை விடவில்லை போலிருக்கிறது.

“இது எவ்ளோ நாளா இப்பிடி கீது?”

“எது?” என்றார் கிளியக்கா, ஒன்றும் தெரியாதவர் போல.

“கன்னத்துல மை.”

“அதுவா. அது உன் அழகுக்கு வெச்சிக்கிறன்னு நெனச்சேன்.”

கோபால் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். பிறகு அவர் பார்வை கிளியக்காவின் தலைப் பக்கம் போய் நின்றது.

“உனக்கு எப்ப நரச்சுது?”

“ரொம்ப நாளாச்சு.”

“சொல்லவே இல்ல.”

“மாடு வர்து, வண்டி வர்துன்னு சொல்றதுக்கே எனக்கு நேரம் பத்தல. இதயுமா சொல்லுவாங்க?”

கோபால் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆபரேஷன் செய்த கண் அப்படித்தான் இருக்கும் என்று நர்ஸ் சொன்னாள். இரண்டு கண்ணிலும் ஏன் வந்தது என்று அவளும் விளக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, கண்ணாடியும் போட்டுக்கொண்டு, புதிய சான்றிதழோடு காஞ்சிபுரம் போனோம். இந்த முறை மைதானத்தை முன்கூட்டியே சுற்றவில்லை. கோட்டில் நின்றார். தூரத்தில் நின்ற ஜீப்பின் நம்பரைப் படித்தார். அதற்குக் கீழே ஒட்டியிருந்த ‘தாய் தந்தை ஆசி’யைப் படித்தார். அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருந்த ஸ்டிக்கர் கடை முகவரியைப் படிக்க ஆரம்பித்தபோது வாசுதேவ், “நம்பர் போதுங்க” என்றார்.

டாக்டர் எழுதியிருந்ததை அவர் இரண்டு முறை வாசித்தார். ஆபீசுக்குள் போய் மேலதிகாரியிடம் பேசிவிட்டு வந்தார். “கோபால், கார் ஓட்டலாம். சொந்தக் காரோ, இன்னொருத்தர் வீட்டுக் காரோ. கண்ணாடி போடாம ஓட்டக் கூடாது. பஸ், லாரி, வாடக வண்டி, இதெல்லாம் இனிமே கிடையாது.”

கோபாலுக்குப் புரியவில்லை. “நல்லா தெரியுதே சார். ஸ்டிக்கர் கூடப் படிச்சேனே.”

“வலது கண்ணு நல்லா இருக்கு. இடதுல புர வளருது. நாளைக்கு அதயும் ஆபரேஷன் பண்ணலாம், அதுவும் சரியாகலாம். ஆனா அம்பது பேரு உக்கார்ற வண்டிக்கு ‘சரியாகலாம்’ங்கறது பத்தாதுங்க.” பேனாவைத் திறந்துகொண்டே சொன்னார். “இந்த முடிவு தப்புன்னு நெனச்சா மேல அப்பீல் பண்ணலாம். முப்பது நாள் இருக்கு. பண்றதுல எனக்கொண்ணும் வருத்தமில்ல.”

லைசென்ஸ் திரும்பி வந்தது. உள்ளே முத்திரை குத்தி எழுதியிருந்தார்கள். கோபால் அதைப் பையில் வைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு வந்தார். யூனியனில் சொல்லி அப்பீல் எழுதலாம் என்று நானும் சொன்னேன். “எழுது” என்றார்.

அன்று ஸ்ரீபெரும்புதூரில் இறங்கியதும், இனியவன் மாலை ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரகடம் கிளம்பிக்கொண்டிருந்தான். எனக்கும் ஷிஃப்ட். கோபாலுக்கு வேலை இல்லை, ஆனாலும் ஏறிவிட்டார். கிளியக்காவின் பழைய இடத்தில், என்ஜின் மூடியின் மேல் போய் உட்கார்ந்தார். ஹாரன் அடி என்று சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

பள்ளிக்கூடம் விட்ட நேரம். வழியெல்லாம் பிள்ளைகள் ரோட்டோரமாகப் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டபடி நடந்துகொண்டிருந்தார்கள். சைக்கிளில் கேரியரில் ஒருவன், பாரில் ஒருவன். புல்லுக்கட்டுச் சுமந்த பெண்கள். நாய்கள். வல்லம் வடகால் அருகே ஒரு சிறுமி செருப்பு கழன்று, குனிந்து எடுத்தாள். இனியவன் வேகத்தைக் குறைத்து, அவள் நிமிரும் வரை காத்திருந்தான். அது அவனுக்குத் தினமும் செய்கிற வேலை.

கம்பெனி வந்ததும் கோபால் இறங்கி என் பக்கத்தில் நின்றார். முகம் வெளுத்திருந்தது.

“ஏம்ப்பா, இந்த ரோட்டுல இவ்ளோ பேரு நடக்கறாங்களா?”

“எப்பவும் நடக்கறவங்கதாண்ணே.”

“பசங்க கூடவா?”

“பசங்கதான் அதிகம்.”

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். “ஹாரன் அட்ச்சா ஒதுங்கிடும்னுதான நெனச்சிக்கினு இருந்தேன்” என்றார். பிறகு லைசென்ஸை எடுத்து உறைக்குள் செருகி, பையில் வைத்தார். “அப்பீல் வேணாம். எழுதாத.”

கம்பெனியில் அம்பாசடர் கார் ஒன்று இருந்தது. பர்சனல் ஆபீசர் லக்ஷ்மிநரசிம்மனுக்கு உரியது. ஸ்ரீபெரும்புதூர் கோயில் தெருக்காரர், தொழிலாளர் நலனில் அக்கறை உள்ளவர், தன் நலனிலும் கொஞ்சம் அக்கறை உள்ளவர். பழைய டிரைவர் ஊருக்குப் போய்விட்டதால், கோபாலை வைத்துக்கொள்ளச் சட்டத்தில் தடை இல்லை என்று அவரே கண்டுபிடித்துச் சொன்னார். ஆனால் முதல் நாள் காரில் ஏறும்போது பெருமாளை வாய்விட்டே கும்பிட்டார்.

பகல் ஓட்டம் மட்டும்தான். ஆபீசர் பின்சீட்டில் சாய்ந்து உட்காராமல், முன்சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.

“கோபால், அதோ அந்த போர்டுல என்ன போட்டிருக்கு, வாசியுங்கோ பாப்போம்.”

“தண்டலம் ரெண்டு கிலோமீட்டர் சார்.”

“பேஷ். அதுக்கு அடுத்தது?”

“உர மூட்ட வெளம்பரம் சார்.”

“அந்தச் சுவத்துல?”

“அது படிக்கற மாதிரி இல்ல சார். கெட்ட வார்த்த.”

இப்படியே மார்கழி முழுவதும் போயிற்று. எங்கள் பக்கத்து ரோட்டில் எந்தச் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்பது அந்த வருடம் அவர்கள் இருவருக்கும்தான் முழுமையாகத் தெரிந்திருக்கும். கோபால் வீட்டுக்கு வந்து அலுத்துக்கொள்வார். “டிரைவர் வேலையா, வாத்தியார் வேலையான்னே தெரியல” என்பார். கண்ணாடியும் இருந்ததால் கிளியக்கா இரண்டாவதுதான் என்பார். அவருக்குக் கம்பெனி பஸ்ஸில் இப்போது வேலை எதுவும் இல்லை. ஆனாலும் பேசிக்கொண்டுதான் வந்தார். எதிரில் வருகிற மாட்டைப் பற்றி அல்ல, பேரனுக்கு முளைத்த பல்லைப் பற்றி.

தை பிறந்து சில நாள் கழித்து லேபர் ஆபீசில் ஒரு கூட்டத்துக்காக லக்ஷ்மிநரசிம்மனும் யூனியன் சார்பில் நானும் மெட்ராசுக்குப் போனோம். நான் முன்சீட்டில் இருந்தேன். திரும்பும்போது பிற்பகல் வெயில். பூந்தமல்லி வரைக்கும் வழக்கம்போல வாசிப்பு நடந்தது. பெயின்ட் விளம்பரம், லாட்ஜ் போர்டு, ஒரு மஞ்சள் காமாலை வைத்தியர். கோபால் சலிக்காமல் படித்துக்கொண்டே வந்தார்.

“இருங்காட்டுக்கோட்ட சார்” என்றார்.

பின்னாலிருந்து பதில் வரவில்லை.

“சார், ஸ்ரீபெரும்புதூருக்கு இன்னும் கொஞ்சந்தான்.”

திரும்பிப் பார்த்தேன். லக்ஷ்மிநரசிம்மன் சீட்டில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு, நல்ல தூக்கத்தில் இருந்தார். மூக்குக் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்திருந்தது. கைகள் இரண்டும் மடியில் கிடந்தன.

“தூங்கறாருண்ணே” என்றேன்.

கோபால் உள்கண்ணாடியை லேசாகத் திருப்பி அவரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வண்டியை இடது ஓரமாக எடுத்து, வேகத்தை இன்னும் தளர்த்திக்கொண்டு, குலுங்காமல் ஓட்டலானார்.